செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் முறை: ராஜகிரி முதல் கிருஷ்ணகிரி வரை

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை ஒரே குன்றின் மேல் நிற்கும் கோட்டை அன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்து முக்கோணமாக அடைத்த கோட்டை அது. இதை அறியாமல் வருகிறவர்கள் காலை முழுவதையும் அடிவாரக் கட்டடங்களில் செலவிட்டுவிட்டு, வெயில் ஏறியபின் படியில் கால் வைத்து, பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். உடல் வலு போதாமல் திரும்புகிறவர்களைவிட வரிசையை மாற்றிக்கொண்டதால் திரும்புகிறவர்களே அதிகம்.

ஆகவே இந்த வழிகாட்டியின் அடிப்படை விதி ஒன்றுதான்: முதலில் ராஜகிரியின் உச்சி, பிறகு அதன் அடிவாரம், மிச்சமிருக்கும் வலுவைப் பொறுத்துக் கிருஷ்ணகிரி.

1. நாளைத் தேர்ந்தெடுத்தல்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏறுவதற்கு ஏற்றவை. குன்றுகள் முழுவதும் கருங்கல் என்பதால், மார்ச் முதலே பாறை சூட்டை உள்வாங்கிக்கொண்டு நண்பகலில் கீழிருந்தும் அனல் அடிக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் மேலிருந்து அடிக்கும் வெயிலைக் குடை தடுத்தாலும் பாறையிலிருந்து எழும் வெப்பத்தைத் தடுக்க வழியில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்றும் ஏரிகளும் பசுமையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழை நின்ற மறுநாளே வருவது தவறு. நிழலில் உள்ள படிகளில் பாசி காய்வதற்குக் குறைந்தது ஒரு முழு வெயில் நாளாவது வேண்டும். இடி இடிக்கும் அறிகுறி தெரிந்தால், உச்சி அருகில் இருந்தாலும் ஏறாமல் இறங்கிவிட வேண்டும். சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடத்தில் நிற்பது மின்னலை அழைப்பதற்குச் சமம்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்கத் தவறுவது நாட்காட்டியைத்தான். அமாவாசை அன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செல்லும் கூட்டம் செஞ்சி வழியாகத்தான் போகிறது. பௌர்ணமி அன்று கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் அனைத்தும் நிரம்பி வருகின்றன. இந்த இரு நாட்களிலும் கோட்டையில் நெரிசல் இல்லாவிட்டாலும் வந்து சேர்வதும் திரும்பிச் செல்வதும் பெரும்பாடாகிவிடும். கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. காணும் பொங்கல் அன்று கூட்டம் கோட்டைக்குள்ளேயே இருக்கும். இவை நீங்கலாக ஏதாவது ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுத்தால், குறுகலான படிகளில் எதிரே வருகிறவர்களுக்காக ஒதுங்கி நிற்க வேண்டிய தேவை இராது.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். மலைமேல் கடை எதுவும் கிடையாது. மேலே சுனைகளும் குளங்களும் கண்ணில் படும். அவற்றில் உள்ளது குடிக்கத்தக்க நீர் அன்று. ஒரு லிட்டரை ஏறுவதற்கும் உச்சிக்கும் என்றும் மற்றொன்றை இறங்குவதற்கு என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். இறக்கத்துக்குத் தண்ணீர் தேவைப்படாது என்று நினைப்பவர்கள், வெயில் மிகுந்திருக்கும் நேரத்தில்தான் இறங்கப் போகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காலணி விஷயத்தில் அலட்சியம் கூடாது. அடிப்பகுதியில் வரிப்பள்ளங்கள் தேயாத, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணி தேவை. ரப்பர் செருப்பில் ஏறிவிடலாம், ஆனால் இறங்கும்போது கால் முன்னோக்கி வழுக்கும். புதிதாக வாங்கிய காலணியை அன்றைக்கே முதன்முதலாக அணிந்து வருவதும் நல்லதன்று.

பையைப் பொறுத்தவரை இரண்டு நிபந்தனைகள் உண்டு. அது முதுகில் மாட்டுவதாக இருக்க வேண்டும். முழுவதும் ஜிப் வைத்து மூடுவதாகவும் இருக்க வேண்டும். செங்குத்தான படிகளில் இரு கைகளும் தேவைப்படும் என்பது முதல் நிபந்தனைக்குக் காரணம், குரங்குகள் இரண்டாவதற்குக் காரணம். கையில் தொங்கும் பாலித்தீன் பையைச் செஞ்சிக் குரங்குகள் உணவுப் பொட்டலம் என்றே எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது துண்டா, தோசையா என்ற ஆராய்ச்சியைப் பறித்த பிறகுதான் வைத்துக்கொள்ளும். வாழைப்பழத்தையும் நிறமேற்றிய குளிர்பானப் புட்டிகளையும் கொண்டுவரவே வேண்டாம்.

இவை தவிரத் தொப்பி, கொஞ்சம் உப்புக் கடலை அல்லது உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சிறு சோப்பு ஆகியவை போதும்.

3. செஞ்சிக்கு வந்து சேர்தல்

செஞ்சியில் ரயில் நிலையம் இல்லை. சென்னை–விழுப்புரம் தடத்தில் உள்ள திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 28 கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டும். சென்னையிலிருந்து பேருந்திலேயே வருவதானால், கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். சென்னையிலிருந்து தூரம் சுமார் 160 கிலோமீட்டர் என்பதால், விடிந்தபின் புறப்பட்டால் ஏறுவதற்கான நல்ல நேரம் வழியிலேயே போய்விடும். முந்தைய இரவைச் செஞ்சியிலோ திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ கழிப்பது எல்லா வகையிலும் மேல்.

கோட்டை, செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஊரிலேயே இட்லியோ பொங்கலோ அளவாகச் சாப்பிட்டு, தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு ஆட்டோவில் செல்லுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தை வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறுகிறவர்களுக்கு முதல் கால் மணி நேரத்திலேயே நெஞ்சு கரிக்கத் தொடங்கும்.

ஆட்டோ ஓட்டுநரிடம் "கோட்டைக்குப் போக வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதாது. உள்ளூரில் ராஜகிரியை ராஜா கோட்டை என்றும் கிருஷ்ணகிரியை ராணி கோட்டை என்றும் சொல்வார்கள். சாலை இரண்டுக்கும் நடுவே கோட்டை மதிலை ஊடுருவிச் செல்கிறது. ஊரிலிருந்து வரும்போது ராணி கோட்டை வலப்புறமும் ராஜா கோட்டை இடப்புறம் உள்ளடங்கியும் இருக்கும். சாலையோரத்தில் முதலில் கண்ணில் படுவது ராணி கோட்டை என்பதால் அதையே முதன்மையான மலை என்று நம்பி, அதில் ஏறிக் களைத்தபின் உண்மையை அறிகிறவர்கள் உண்டு. ஆகவே ராஜா கோட்டை என்று பெயர் சொல்லியே இறங்குங்கள்.

4. நுழைவாயிலில் செய்ய வேண்டியவை

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. பொதுவாகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அனுமதி உண்டு. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பின் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதால், கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை என்றே கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. வாங்கிய சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி அடிவாரத்திலும் கேட்பார்கள். கேமரா முக்காலி, டிரோன் ஆகியவற்றுக்குத் தனியே முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

சீட்டு வாங்கியதும் காவலரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இன்றைக்கு எத்தனை மணி வரை மலையேற விடுவார்கள்? உச்சி வரை வழி திறந்திருக்கிறதா? கோட்டை மூடும் நேரமும் மலையேற்றத்தை நிறுத்தும் நேரமும் வெவ்வேறு. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் ராஜகிரிக்கு ஏறுவதை நிறுத்திவிடுவது வழக்கம். ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்று எண்ணி மாலை வெயிலில் ஏறலாம் எனத் திட்டமிட்டு வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கழிப்பறைத் தேவையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே வசதி இல்லை.

5. அடிவாரக் கட்டடங்களைக் கடந்து செல்லுதல்

இந்தப் படிதான் கடினமானது, ஏனெனில் இதில் செய்ய வேண்டியது எதையும் செய்யாமல் இருப்பதே. உள்ளே நுழைந்ததும் கல்யாண மகாலின் கூம்பு முகடும் களஞ்சியங்களும் ஆனைக்குளமும் குதிரை லாயமும் கண்ணை இழுக்கும். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் என்று தொடங்கினால் ஒன்றரை மணி நேரம் கரைந்துவிடும்.

இவற்றைப் பின்னால் தள்ளிவைப்பதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, இவற்றுள் பலவற்றுக்குக் கூரையும் நிழலும் உண்டு. நண்பகலில் பார்த்தாலும் துன்பமில்லை. மலைப்பாதையில் அந்த வசதி கிடையாது. இரண்டாவது, இவற்றின் அமைப்பு உச்சியிலிருந்து பார்த்த பிறகே விளங்கும். எது அரண்மனைப் பகுதி, எது படைக்குரிய பகுதி, மதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தரையில் நிற்பவருக்குத் தெரியாது.

6. ராஜகிரி ஏற்றம்

ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. வழக்கமாக நடந்து பழகியவர்களுக்கு ஒரு மணி நேரமும் மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகும். இதை ஒரே சீரான ஏற்றம் என்று எண்ண வேண்டாம். தொடக்கத்தில் அகன்ற, தாழ்ந்த படிகளும் சமதளமான நடையும் மாறி மாறி வரும். போகப்போகப் படிகள் குறுகி உயரமாகும்.

தொடக்கப் படிகள் எளிதாக இருப்பதே புதியவர்களுக்கு வரும் முதல் கெடுதல். கீழ்ப்பகுதியில் வேகமாக ஏறி, மூச்சு முட்டிய பிறகு நீண்ட நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்து உடல் ஆறியபின் மீண்டும் எழுந்து ஏறுவது முன்னைவிடக் கடினம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். களைப்பு வருவதற்கு முன்பே, ஒவ்வொரு வாசலின் நிழலிலும் ஓரிரு நிமிடம் நின்றபடியே இளைப்பாறிக் கிளம்புங்கள்.

படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்திராது. வீட்டுப் படியில் கால் தானாக அளவெடுத்துக்கொள்வதைப் போல இங்கே எடுத்துக்கொள்ளாது என்பதால், நடக்கும்போது படியைப் பாருங்கள். காட்சியைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்தபடியே ஏறுவதுதான் இங்கே முழங்கால் சிராய்ப்புகளுக்கு முதல் காரணம்.

நின்று இளைப்பாறும் இடங்களில் மதில் கட்டப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். ஏற முடியாத செங்குத்துப் பாறை இருக்கும் இடத்தில் மதில் இராது, பாறையே மதிலாக விடப்பட்டிருக்கும். இரு பாறைகளுக்கிடையே ஆள் நுழையக்கூடிய இடைவெளி இருந்தால் மட்டும் கல்லடுக்கி அடைத்திருப்பார்கள். இதை ஒருமுறை கண்டுகொண்டால், பாதை ஏன் இங்கே திரும்புகிறது, வாசல் ஏன் அங்கே அமைந்தது என்ற கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லத் தொடங்குவீர்கள். வழிகாட்டி ஆளில்லாமல் சுற்றுகிறவர்களுக்கு இந்த ஒரு குறிப்பு போதுமானது.

வழியில் கமலக்கன்னி அம்மன் கோயில் வரும். வழிபாடு நடக்கும் இடம் என்பதால் உள்ளே செல்வதானால் காலணியைக் கழற்ற வேண்டும். கழற்றிய காலணியைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகளுக்கு அதுவும் விளையாட்டுப் பொருள்தான்.

குரங்கு அருகில் வந்தால் ஓடக்கூடாது, பல்லைக் காட்டிச் சிரிக்கவும் கூடாது. இரண்டையும் அவை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும். பையை முன்பக்கமாகத் திருப்பி அணைத்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்க்காமல் சீராக நடந்து விலகுங்கள். பறித்துக்கொண்ட பொருளைத் திரும்பப் பிடுங்க முயல்வதால்தான் பெரும்பாலும் கடி விழுகிறது. கடித்தாலோ நகம் கீறினாலோ காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். பட்டியலில் சோப்பு இடம்பெற்றது இதற்காகத்தான்.

பாறைச் சரிவிலோ கட்டட விளிம்பிலோ பெரிய தேன்கூடு தொங்கக் கண்டால் சத்தமிடாமல் கடந்து செல்லுங்கள். உடன் வரும் சிறுவர்கள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு. படியில் கூட்டமாகத் தேனீ துரத்தினால் ஓடுவதற்கு இடமில்லை.

7. பாலமும் உச்சியும்

உச்சியை நெருங்கும்போது மலையே பிளந்ததுபோன்ற ஆழமான வெடிப்பு ஒன்று குறுக்கிடும். அதன் அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. இயற்கையாக இருந்த பிளவை மேலும் வெட்டி ஆழமாக்கியிருக்கிறார்கள். முன்பு இழுத்துக்கொள்ளக்கூடிய மரப்பாலம் இருந்த இடத்தில் இப்போது நிலையான பாலம் உள்ளது. பாலத்தின் நடுவே நின்று குழுப்படம் எடுப்பதைத் தவிர்த்து, கடந்தபின் மறுகரையிலிருந்து திரும்பிப் பாருங்கள். அந்த ஓர் இடத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியே இல்லை என்பது அங்கிருந்துதான் தெரியும்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, பீரங்கி ஆகியவை உள்ளன. இவற்றுக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

மதில் ஓரத்தில் பாதுகாப்பான இடத்தில் நின்று கிழக்கு நோக்கித் திரும்புங்கள். இடப்புறத்தில் சாலைக்கு அப்பால் தெரிவது கிருஷ்ணகிரி. வலப்பக்கமாகப் புதர் மண்டிக் கிடப்பது சந்திராயன் துர்க்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள தாழ்ந்த நிலத்தில் எழுந்து நிற்பது வேங்கடரமணர் கோயில் கோபுரம். மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதில் வரிசையை ஒரு முனையிலிருந்து கண்ணால் பின்தொடர்ந்து முழுச் சுற்று வாருங்கள். அதன் பிறகு நேர் கீழே கல்யாண மகாலையும் ஆனைக்குளத்தையும் அடையாளம் கண்டு ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால், கீழே இறங்கியபின் அதுவே வரைபடமாகப் பயன்படும்.

சுவரில் பெயர் கீறுகிறவர்களை இங்கேயும் காணலாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

8. இறக்கம்

ஏற்றத்தில் மூச்சு சோர்கிறது, இறக்கத்தில் முழங்கால் சோர்கிறது. கால் தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான், ஏனெனில் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் வேகம் கூடிவிடுகிறது.

உயரமான படிகளில் உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முன்காலை முழுப் பாதமும் படியும்படி ஊன்றியபின் பின்காலை எடுங்கள். சாய்வான பாறைத் தளங்களில் படர்ந்திருக்கும் பொடி மணல் கேழ்வரகைக் கொட்டிய தரையைப்போல் காலை உருட்டிவிடும். பாறை பளபளப்பாகவும் மணலாகவும் இருக்கும் நடுப்பகுதியை விட்டு, சொரசொரப்பான ஓரத்தில் நடந்து வாருங்கள். குறுக்குவழி என்று புல்லுக்குள் இறங்கும் ஒற்றையடித் தடங்களில் போக வேண்டாம். பாம்பு இருப்பதற்கு ஏற்ற கற்குவியல்கள் அங்கேதான் உள்ளன.

9. ராஜகிரி அடிவாரம்

இப்போது நண்பகலாகியிருக்கும். தள்ளிவைத்த கட்டடங்களை நிழல் உள்ளவற்றில் தொடங்கிப் பாருங்கள். முதலில் களஞ்சியம்: அதன் சுவர்த் தடிமனும் வளைகூரையும் உள்ளே நுழைந்தவுடனேயே வெப்பம் குறைவதில் தெரியும். அடுத்து உடற்பயிற்சிக் கூடம். பிறகு கல்யாண மகால்: நடுவே நீர்நிலையுள்ள முற்றத்தைச் சுற்றி அறைகளும், ஒரு பக்கத்தில் அடுக்கு மாடக் கோபுரமும் கொண்ட கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு சிறு அறையும் சுற்றுத் தாழ்வாரமும்தான் உண்டு என்பதைப் பார்த்தால், உயரத்தைக் காற்றுக்காகவே எழுப்பியிருக்கிறார்கள் என்பது புரியும். மேல் மாடிகள் பூட்டியிருந்தால் ஏற முயல வேண்டாம்.

அரண்மனை இருந்த இடத்தில் இன்று அடித்தளமே மிஞ்சியுள்ளது. அங்கே மெருகேற்றிய பெரிய கல்மேடையும் கல் திண்டும் இருப்பதைப் பலர் கவனிக்காமல் போகிறார்கள். வேணுகோபாலசுவாமி கோயிலின் புடைப்புச் சிற்பத்தையும் தவறவிடாதீர்கள்.

10. வேங்கடரமணர் கோயில் பக்கம்

புதுச்சேரி வாசலை ஒட்டிய இந்தப் பகுதிக்குப் பெரும்பாலானோர் வருவதில்லை. உச்சியிலிருந்து பார்த்த கோபுரம் இதுதான். கோயிலையும் அருகிலுள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசலையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஏற்றமே இல்லை. மலையேற முடியாத முதியவர்களோடு வந்திருந்தால், மற்றவர்கள் ராஜகிரியில் இருக்கும் நேரத்தில் அவர்களை அடிவாரக் கட்டடங்களில் நிழலாக அமரவைத்து, பிற்பகலில் எல்லோரும் சேர்ந்து இங்கே வரலாம்.

11. கிருஷ்ணகிரி

ராஜகிரியைவிட உயரம் குறைவு. ஏற முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். ஆனால் படிகள் நேராகவும் செங்குத்தாகவும் நிழலின்றியும் செல்வதால், ஒரே நாளில் இரண்டாவதாக ஏறும்போது இது ராஜகிரியைவிடக் கடினமாகத் தோன்றும்.

என் கருத்தில், பன்னிரண்டு மணிக்குள் ராஜகிரியிலிருந்து இறங்கி, இறங்கியபின் தொடை நடுங்காதவர்கள் மட்டுமே அன்றே இதையும் ஏற முயல வேண்டும். அதுவும் ஊருக்குள் சென்று சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஓய்வெடுத்த பின்னரே. மற்றவர்கள் மறுநாள் காலை ஏறி, பத்தரை மணிக்குள் இறங்கிவிடலாம். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ராஜகிரியை விட்டுவிட்டு இதை மட்டும் ஏறுவது தக்க ஏற்பாடு.

மேலே களஞ்சியங்களும் ரங்கநாதர் கோயிலும் குவிமாடத்தோடு கூடிய அரச மண்டபமும் உள்ளன. மண்டபத்தின் வளைவுகள் வழியே எப்போதும் காற்று வீசிக்கொண்டிருக்கும் என்பதால் உட்கார ஏற்ற இடம் அதுவே. ராஜகிரியின் முழு உருவத்தையும் படம் எடுக்க வேண்டுமானால் அதைக் காலையில் இங்கிருந்து எடுங்கள். பிற்பகலில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் சென்றுவிடும். குன்று கறுத்தே பதியும்.

12. சந்திராயன் துர்க்கம்

முறையான பாதை இல்லை, முட்புதர் அடர்ந்திருக்கிறது. மூன்றையும் ஏறிவிட வேண்டும் என்ற ஆசையில் தனியாகப் போகாதீர்கள். ராஜகிரி உச்சியிலிருந்து பார்த்ததோடு விட்டுவிடலாம்.